விளையாட்டு அறிவை வளர்க்குமா? தாயக்கட்டை முதல் வீடியோ கேம் வரை

வீடியோ கேம் ஆடினால் பிள்ளைகளின் சிந்தனைத் திறன் கூடுமா, படிப்பு மேம்படுமா என்ற கேள்வி இன்று புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களிலும் கேட்கப்படுகிறது. நிகழ்பட ஆட்டம் என்று கலைச்சொல் இருந்தாலும் வீடுகளில் அது 'கேம்' தான். இக்கட்டுரையும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறது. கேள்வி புதிதல்ல. கேமுக்கு முன் சதுரங்கத்தைப் பற்றியும், அதற்கும் முன் ஐரோப்பியப் பள்ளிகளில் இலத்தீன் மொழியைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. ஒன்றில் பெற்ற பயிற்சி வேறொன்றுக்குக் கைகொடுக்குமா என்பதுதான் அதன் சாரம்.

மண்ணுக்கடியில் கிடைத்த சில்லுகள்

விளையாட்டுப் பொருள்கள் தமிழக அகழாய்வுகளில் தொடர்ந்து கிடைத்துவருகின்றன. சிவகங்கை மாவட்டம் கீழடியில் பானை ஓடுகளை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் உடன் கிடைத்தன. புதுக்கோட்டை நகருக்கு அருகிலுள்ள சங்ககாலக் கோட்டையான பொற்பனைக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. அங்கும் வட்டச்சில்லுகள் வெளிவந்தன. உடைந்த பானையைக்கூட வீணாக்காமல் விளையாட்டுக் கருவியாக்கிய மக்கள் அவர்கள். அந்தச் சில்லைக் கொண்டு என்ன விதியில் ஆடினார்கள் என்பதை ஓடு சொல்லாது. இன்றைய பாண்டி ஆட்டத்தை அப்படியே சங்ககாலத்தில் கொண்டுபோய் வைப்பதும் சரியாகாது.

விதிகளோடு நமக்குத் தெரிந்த ஆட்டங்கள் திண்ணையிலும் கோயில் மண்டபத் தரையிலும் ஆடப்பட்டவை. தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்ற நூலில் பலவற்றைத் தொகுத்துத் தந்தார். அவற்றில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம். மூன்றும் மூன்று வகையான சிந்தனையைக் கேட்பவை.

திண்ணைக் கணக்கு

பல்லாங்குழியில் இரண்டு வரிசையாக 14 குழிகள். குழிக்கு 5 வீதம் 70 காய்கள் இட்டு ஆடுவது ஒரு வழக்கம். புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி எதுவும் காயாகும். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. கைதேர்ந்த பாட்டி குழியைப் பார்த்த மாத்திரத்தில் கடைசிக் காய் எங்கே விழும் என்று சொல்லிவிடுவார். இதில் இருப்பது மீதிக் கணக்கு. 14 காய் கையில் இருந்தால் ஒரு முழுச் சுற்று; 17 இருந்தால் சுற்று முடிந்து மூன்று.

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள். பகடை கிடையாது, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. பதினைந்து ஆடுகளையும் கட்டத்தில் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. அதற்குள் புலி தாண்டி வெட்டிக்கொண்டே இருக்கும். ஆடு ஆடுபவர் ஒன்றை இழந்து இரண்டைக் காப்பாற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தனி ஆடு செத்துப்போகும், பின்னால் துணை நிற்கும் ஆட்டைப் புலியால் தாண்ட முடியாது.

தாயம் வேறு வகை. நான்கு பக்கமுள்ள பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம். தாயம் போட்டால்தான் காயை இறக்க முடியும். தாயம், 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம்.

இங்கே கணக்காசிரியர்கள் சற்று நிற்க வேண்டும். இரண்டு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் 4 பெருக்கல் 4, ஆக 16. கட்டை நேர்மையானது என்று கொண்டால், அவற்றில் தாயம் 2 வகையில் விழும்; அதாவது எட்டில் ஒரு பங்கு. 2 விழ 3 வகை, 3 விழ 4 வகை, 4 விழ 3 வகை, 5 விழ 2 வகை, 6க்கும் 12க்கும் ஒவ்வொரு வகை. எனவே அடிக்கடி விழும் எண் 3. பதினொன்றாம் வகுப்பில் நிகழ்தகவு என்ற பெயரில் நாம் நடத்துவது இதைத்தான்.

ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? மார்கழி இரவில் விடிய விடிய தாயம் உருட்டிய பிள்ளை, 'இரண்டு பகடைகள் உருட்டப்படுகின்றன' என்று தொடங்கும் வினாவைக் கண்டதும் திகைத்து நிற்கும். வெட்டுப்படாமல் இருக்கக் காயை எதிரிக்கு எத்தனை கட்டம் தள்ளி நிறுத்த வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் கைக்குத் தெரியும், நோட்டுக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகை முன் நின்றவர்கள் அனைவரும் இதைப் பார்த்திருப்பார்கள். ஆசிரியர் தாயக்கட்டையை வகுப்புக்குக் கொண்டுவந்து, பதினாறு வகைகளையும் பிள்ளைகளை விட்டே பலகையில் எழுதச் சொன்னால்தான் இரண்டும் ஒன்று என்று புரிகிறது. ஆட்டம் தானாக அந்தப் பாலத்தைக் கட்டித் தருவதில்லை.

இலத்தீனும் சதுரங்கமும்

உளவியலார் இதைப் பயிற்சிப் பெயர்ச்சி என்பர். பி.எட். படித்தவர்களுக்கு எட்வர்டு தார்ன்டைக் என்ற பெயர் நினைவிருக்கும். அவரும் இராபர்ட் உட்வொர்த்தும் 1901இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலரைப் பழக்கினர். பழகிய வகைச் செவ்வகங்களில் அவர்கள் தேர்ந்தனர்; உருவமும் அளவும் மாறியதும் அந்தத் தேர்ச்சியில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. இலத்தீனும் வடிவியலும் மனத்தைப் பொதுவாகவே கூர்மையாக்கும் என்பது அக்காலக் கல்வியாளர்களின் நம்பிக்கை. 1924இல் தார்ன்டைக் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்துப் பார்த்தபோது, அப்பாடங்களைப் படித்தவர்கள் பகுத்தறியும் திறனில் மற்றவர்களைவிடச் சொல்லத்தக்க அளவு முந்திவிடவில்லை.

சதுரங்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன் 1961இல் அப்பட்டம் பெற்றார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் ஆடி வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்கும் ஏழு முதல் பதினேழு வயதுத் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது மாவட்டம்தோறும் அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடைபெற்றன. புதுக்கோட்டைப் பிள்ளைகள் பலர் யானையும் குதிரையும் எப்படி நகரும் என்று கற்றுக்கொண்டது அந்த ஆண்டில்தான். 2024 டிசம்பர் 12 அன்று 18 வயதில் குகேஷ் உலக வாகையர் ஆனதும், 'செஸ் ஆடினால் கணக்கு வரும்' என்ற பேச்சு இன்னும் வலுப்பெற்றது.

அது உண்மையா? வில்லியம் சேஸ், எர்பர்ட் சைமன் இருவரும் 1973இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை ஐந்து வினாடி மட்டும் காட்டினர். வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டத்தில் திரும்ப வைத்தார். தொடக்கநிலை ஆட்டக்காரரால் சிலவற்றையே வைக்க முடிந்தது. பின்பு காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோது வல்லுநரும் தொடக்கநிலை ஆட்டக்காரரும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டனர். வல்லுநருக்கு இருந்தது பொதுவான நினைவாற்றல் அல்ல. சதுரங்க அமைப்புகளைப் பற்றிய ஆழ்ந்த அறிவு. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் 4,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பினருக்கு முப்பது சதுரங்க வகுப்புகள் நடந்தன. ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வு வைத்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

இதைச் சொன்னால் சதுரங்க ஆர்வலர்கள் வருந்துவார்கள். வருந்தத் தேவையில்லை. சதுரங்கம் சதுரங்கமாகவே ஆடத் தகுந்தது. கணக்கு மதிப்பெண்ணை அதன் தலையில் கட்டி அதற்குப் பெருமை தேட வேண்டிய நிலையில் அது இல்லை.

அறிவொளியும் ஏணியும்

கற்றலுக்குள் விளையாட்டைக் கொண்டுவருவது புதுக்கோட்டைக்குப் பழகிய செய்தி. 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். தெருநாடகம், பாட்டு, கலைப்பயணம் எல்லாம் சேர்ந்துதான் எழுத்து ஊருக்குள் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினர். கல்குவாரிப் பெண்களும் அதில் இருந்தனர். சைக்கிள் ஓட்டத் தெரிந்ததால் எழுத்து எளிதாக வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரவு வகுப்புக்குத் தானே போய்வர முடிந்தது, யார் துணையும் தேவைப்படவில்லை. ஒரு திறன் இன்னொன்றுக்கு உதவும் வழி சில நேரம் மூளைக்குள் இல்லை, சாலையில் இருக்கிறது.

அடுத்து வந்தது செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007இல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான முறையே இதற்கு மூலம். சுவரில் கற்றல் ஏணி; தட்டில் அட்டைகள். பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து, முடித்து, அடுத்த படிக்குப் போகும். தான் எங்கே நிற்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரியும். தவறு செய்தால் யாரும் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை, அதே அட்டையை மறுபடி எடுக்கலாம். கேம் ஆடுபவர்கள் 'லெவல்' என்று சொல்வது இதைத்தான். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே அட்டை வேண்டியிருந்தபோது நடந்த இழுபறியையும், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருந்த பள்ளிகளில் ஏணி ஏறாமலே நின்றுபோன பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் 'படிப்படியாக, தன் வேகத்தில், உடனுக்குடன் சரிபார்த்து' என்ற கருத்து அதில் உயிரோடு இருந்தது.

திரை வந்த கதை

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1971இல் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், எட்டாம் வகுப்புக்கு மேற்குத் திசைக் குடியேற்றம் பற்றிய வரலாற்றுப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. நண்பர்கள் இருவருடன் சேர்ந்து 'ஓரிகன் டிரெயில்' என்ற கணினி விளையாட்டை எழுதினார். திரைகூட இல்லை, தட்டச்சுக் கருவி போன்ற ஒன்றில் காகிதத்தில் எழுத்து அடித்து வரும். கடைகளில் 'பாங்' என்ற ஆட்டம் 1972இல் பரவுவதற்கு முந்தைய ஆண்டு அது. வகுப்பறைக்கான கேம், கடைத்தெருக் கேமுக்குத் தம்பி அல்ல என்பது கவனிக்கத்தக்கது.

நம் பக்கம் 1990களில் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி ஆடும் கேசட் கேம்கள் வந்தன; மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கடைகளும் வந்தன. 2011 செப்டம்பரில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கிடைக்கத் தொடங்கியது. அதில் பாடத்துக்கு முன் ஏறியது கேம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோப்பு நகலெடுப்பது, மென்பொருள் நிறுவுவது, வைரஸை நீக்குவது எல்லாவற்றையும் பிள்ளைகள் அந்தக் கேமுக்காகவே கற்றார்கள் என்பதும் உண்மை. 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடிப் பகுதிகளைச் சாய்த்துப் போட்டபோது சில ஊர்களில் மின்சாரம் வர வாரங்கள் ஆயின. கைப்பேசிகள் அணைந்தன. தாயமும் பரமபதமும் திண்ணைக்கு வந்தன. கம்பம் நட்டதும் திரும்ப உள்ளே போய்விட்டன.

பெரிய மாற்றம் 2020இல். மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் 2021இல் வந்தார்கள். ஆனால் 'ஆன்லைன் கிளாஸ்' என்ற பெயரில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி கட்டாயமாயிற்று. அப்பா வேலைக்குக் கொண்டுபோன கைப்பேசி மாலையில்தான் திரும்பும், அதற்குள் வகுப்பு முடிந்திருக்கும், கேம் மட்டும் மிச்சம். பப்ஜி செயலியை இந்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தபோது பெற்றோர் நிம்மதி அடைந்தனர். பிள்ளைகள் ஒரு வாரத்தில் வேறொன்றுக்கு மாறினர்.

ஆய்வுகள் கண்டவை

கேம் மூளைக்கு நல்லது என்ற கருத்துக்கு அறிவியல் மதிப்பு தந்தது 2003இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஷான் கிரீன், டாப்னே பவெலியர் எழுதியது. கேம் பழக்கமில்லாதவர்களை இரண்டு குழுவாக்கி, நாளுக்கு ஒரு மணிநேரமாகப் பத்து நாள் ஆடவைத்தனர். ஒரு குழுவுக்குச் சுடும் சண்டைக் கேம்; மறு குழுவுக்கு டெட்ரிஸ். முடிவில் சண்டைக் கேம் ஆடியவர்களின் பார்வைக் கவனம் கூடுதலாக மேம்பட்டிருந்தது. இதில் வேடிக்கை உண்டு. பெற்றோர் 'இதையாவது ஆடு, மூளைக்கு நல்லது' என்று கொடுக்கும் கட்டம் அடுக்கும் ஆட்டம் ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்பட்டது. பிடுங்கி வைக்கும் ஆட்டமே பலன் காட்டியது.

பின்னர் 2008இல் வால்டர் பூட் குழுவினர் இருபது மணிநேரத்துக்கும் மேல் பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். அப்படிப்பட்ட பொதுவான முன்னேற்றம் தென்படவில்லை. 2018இல் 'சைக்காலஜிக்கல் புல்லட்டின்' என்ற ஒரே இதழில், ஒரே ஆண்டில், இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் வந்தன. பெடியூ குழு, அதிரடிக் கேம்கள் கவனத்தையும் இடவுணர்வையும் ஓரளவு உயர்த்துகின்றன என்றது. சாலா குழு, வீடியோ கேம் பயிற்சி அறிதல் திறனை உயர்த்துவதில்லை என்று தலைப்பிலேயே எழுதியது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும்: பலன் இருந்தாலும், ஆட்டத்தில் செய்த வேலைக்கு நெருக்கமான வேலையில்தான் அது இருக்கிறது. திரையைப் பார்த்துக் கையை இயக்கும் துளைவழி அறுவையில், வாரம் மூன்று மணிநேரத்துக்கு மேல் கேம் ஆடிய பழக்கமுள்ள அறுவை மருத்துவர்கள் 37 விழுக்காடு குறைவான பிழை செய்தனர் என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. கேம் அவர்களைத் தேர்ந்தவர்களாக்கியதா, கை தேர்ந்தவர்கள் கேமை விரும்பினார்களா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த 37ஐ வைத்து விளம்பரம் செய்பவர்கள் இந்தக் குறிப்பை விட்டுவிடுகிறார்கள்.

விளம்பரம் என்றதும் இன்னொன்று. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் தனி வணிகமாக வளர்ந்தன. பிரிட்டனில் பி.பி.சி. உதவியுடன் 11,430 பேர் ஆறு வாரம் பயிற்சி செய்த ஆய்வு 2010இல் வந்தது. பயிற்சி செய்த விளையாட்டுகளில் அனைவரும் முன்னேறினர். பயிற்சி செய்யாதவற்றில், அவை ஒத்த திறனைக் கேட்பவையாக இருந்தும், முன்னேற்றம் இல்லை. லூமோசிட்டி நிறுவனம் ஆதாரமின்றி விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டில் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நேரம் என்ற கணக்கும் உண்டு. வீட்டில் கேம் பெட்டி இல்லாத 6 முதல் 9 வயதுச் சிறுவர்கள் 64 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு உடனேயும் மீதிப் பேருக்கு நான்கு மாதம் கழித்தும் பிளேஸ்டேஷன் கொடுத்தனர் வைஸ், செரன்காஸ்கி என்ற ஆய்வாளர்கள். நான்கு மாத முடிவில் முதலில் பெற்றவர்கள் வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்கியிருந்தனர். 2010இல் வெளியான முடிவு இது. கேம் மூளையைக் கெடுத்தது என்று இதற்குப் பொருளல்ல. மாலை நேரம் ஒன்றுதான். அது எங்கே போயிற்று என்பதே செய்தி.

வதோதராவும் காளிக்குப்பமும்

இந்தியாவில் நடந்த சோதனைகள் நம் ஆசிரியர்களுக்கு அதிகம் தெரியாதவை. குஜராத்தின் வதோதரா நகராட்சிப் பள்ளிகளுக்கு அரசு பள்ளிக்கு நான்காகக் கணினிகள் கொடுத்தது. பெரும்பாலும் அவை பூட்டியே இருந்தன. பிரதம் தொண்டு நிறுவனம் அவற்றைத் திறந்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் இரண்டு மணிநேரம், கணினிக்கு இருவராக, கணக்கு விளையாட்டுகள் ஆடவைத்தது. உடன் ஒரு பயிற்றுநர் இருந்து, அந்தந்தப் பிள்ளையின் நிலைக்குச் சற்றுக் கடினமான ஆட்டத்தை எடுத்துக் கொடுத்தார். பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட முடிவின்படி கணக்கு மதிப்பெண் முதலாண்டில் 0.35 திட்டவிலக்கமும் இரண்டாமாண்டில் 0.47 திட்டவிலக்கமும் உயர்ந்தது. கல்வி ஆய்வுகளில் இது பெரிய உயர்வு. மொழிப் பாடத்தில் மாற்றம் இல்லை. திட்டம் நின்று ஓராண்டு ஆனதும் கணக்கில் எஞ்சியது ஏறத்தாழ 0.1 மட்டுமே. கணக்கு ஆடினால் கணக்கு வந்தது. ஆடுவது நின்றதும் வந்ததில் பெரும்பகுதி போயிற்று. நம் பள்ளிகளில் தூசி படிந்த கணினி அறைகளைப் பார்த்தவர்கள் இந்த ஆய்வை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சுகதா மித்ரா 1999இல் தில்லி கல்காஜியில் சுவரில் பதித்த கணினி உலகப் புகழ் பெற்றது. அங்கே நேரில் சென்று பார்த்த மார்க் வார்ஷாவர் என்ற ஆய்வாளர், பிள்ளைகள் பெரும்பாலும் கேம் ஆடுவதிலும் படம் வரைவதிலுமே பொழுதைக் கழித்ததாக எழுதினார். மித்ரா பின்னர் தமிழ் பேசும் சிற்றூரான காளிக்குப்பத்தில், ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடத்தைக் கணினியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தாமே கற்க விட்டார். அவர்கள் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் அதைப் பாடமாகக் கற்றவர்களுக்கு இணையாக மதிப்பெண் பெற்றனர் என்றும், பாடம் தெரியாத, ஆனால் ஊக்கம் கொடுக்கும் ஒருவர் உடனிருந்தபோது தில்லித் தனியார் பள்ளி மாணவர்களை எட்டினர் என்றும் 2010இல் எழுதினார். குழு சிறியது. மேலும், இரண்டாவது பாதியை எவரும் பேசுவதில்லை: உடன் ஓர் ஆள் தேவைப்பட்டது.

தில்லியில் 214 முன்பருவப் பள்ளிகளில் 1,540 குழந்தைகளைக் கொண்டு நடந்த சோதனை 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. எண்ணுணர்வு, வடிவுணர்வு சார்ந்த விளையாட்டுகளை நான்கு மாதம் ஆடிய குழந்தைகளிடம் அவ்வுணர்வுகள் ஓராண்டுக்குப் பின்னும் மேம்பட்டே இருந்தன. ஆனால் முதல் வகுப்புக் கணக்கில் அவர்கள் முந்தவில்லை. புள்ளிக் கூட்டத்தில் எது அதிகம் என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு 7, 9 என்ற குறிகள் வேறு உலகம். தாயம் ஆடிய பிள்ளையின் கதைதான் இதுவும்.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

தமிழ்நாட்டில் கேமும் சிந்தனையும் பற்றிய விவாதம் கல்லூரியில் நடந்ததைவிட நீதிமன்றத்தில் அதிகம் நடந்தது. இந்தியச் சட்டம் திறன் விளையாட்டையும் அதிர்ஷ்ட விளையாட்டையும் பிரிக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறனைச் சார்ந்தது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் 1996இல் குதிரைப் பந்தயத்துக்கும் அப்படியே தீர்ப்பளித்தது. இணையவழி ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தபின் தமிழக அரசு 2020இல் அவசரச் சட்டமும் 2021இல் சட்டமும் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சேர்த்த பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறன் என்றாலும் அதிர்ஷ்டம் என்றாலும், தடை செய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளுக்கும் கல்வி விளையாட்டுகளுக்கும் அச்சட்டம் ஆதரவு தருகிறது.

நீதிமன்றம் கேட்டது, இந்த ஆட்டத்துக்குச் சிந்தனை தேவையா என்று. பெற்றோர் கேட்பது, இந்த ஆட்டம் சிந்தனையைத் தருமா என்று. விளம்பரக்காரர் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்குக் கொடுத்துவிடுகிறார். ரம்மிக்கு மூளை வேண்டும் என்பது உண்மை. ரம்மி ஆடியதால் கணக்கு வந்தவர் எவரும் இல்லை.

எண்ணும் முறை

கடைசியாக ஒரு சிறு ஆய்வு, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காக. பரமபதத்தை நாம் வைகுண்ட ஏகாதசி இரவில் தூக்கம் வராமல் இருக்க ஆடுகிறோம். முழுக்க அதிர்ஷ்டம், திறன் சிறிதும் இல்லை. அமெரிக்காவில் கீதா ரமணி, இராபர்ட் சீக்ளர் இருவரும் 1 முதல் 10 வரை எண் எழுதிய நேர்க்கோட்டுப் பலகையில், ஏழைக் குடும்பக் குழந்தைகளைக் கால்மணி நேர அளவில் நான்கைந்து முறை ஆடவைத்தனர். எண்களின் அளவை உணர்வதில் குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். எண்ணுக்குப் பதில் வண்ணம் தீட்டிய அதே பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. பின்பு 2014இல் எலிடா லாஸ்கியும் சீக்ளரும் 100 கட்டப் பலகையை எடுத்துக்கொண்டனர். சில குழந்தைகள் தமக்கு விழுந்த எண்ணை 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணிக் காயை நகர்த்தினர். மற்றவர்கள் நிற்கும் கட்டத்தின் எண்ணிலிருந்தே தொடர்ந்தனர். பலகை ஒன்று, நேரமும் ஒன்று. கற்றல் நிகழ்ந்தது இரண்டாவது வகையில்தான். 38இல் நிற்கும் காய்க்கு மூன்று விழுந்தால், பக்கத்தில் இருக்கும் அக்காவோ தாத்தாவோ 'முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று' என்று சொல்லிக்கொண்டே நகர்த்தச் சொல்ல வேண்டும்.